தாய்வீட்டு அரிசி

ஒன்பதாம் அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை காலை. பழனிவேல் கண்ணாடி முன்னால் நின்று, கட்டிய வேட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். வேட்டியில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். போன வாரம் அவனோடு ரயிலில் வந்த உங்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு வராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

பழனிவேலுக்குச் சொந்த ஊர் கீரப்பாளையத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். இப்போது சிதம்பரத்தில் உணவு இலாகாவில் இன்ஸ்பெக்டர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவனுக்கு ஒரே அக்கா, ஞானாம்பாள். கடலூர் முதுநகரில், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அய்யனாருக்கு வாழ்க்கைப்பட்டவள். முதலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் அவளைப் பெண் கேட்டு வந்தார். அவர் வீட்டார் கேட்டது ஒரு சைக்கிளும் கைக்கடிகாரமும். அந்த வருஷம் தம்பிக்குப் பெரிய பள்ளிக்கூடச் செலவு. அப்பா சாமிக்கண்ணுவால் இரண்டையும் சமாளிக்க முடியவில்லை. ஒன்றுமே கேட்காத அய்யனார் மாப்பிள்ளை ஆனார்.

அக்கா இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டினால் தேவலையே என்று பழனிவேல் பலமுறை நினைத்திருக்கிறான்.

இந்த அறுபத்தாறாம் வருஷத்தில் அரிசி படுத்தும் பாட்டை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சிதம்பரத்துப் பக்கம் நெல் விளைகிறது. கடலூர் ரேஷன் கடையில் கோதுமை போடுகிறார்கள். இங்கிருந்து அங்கே அரிசி கொண்டுபோக வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு நடக்கத் தெரியாதவர்கள் புடவைக்குள் கட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். அவர்களைப் பிடிப்பதுதான் இந்த மாதத்திலிருந்து பழனிவேலின் வேலை. அதை அவன் சொந்தக்காரர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் எழுத்து வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் சோதனைக்காரர்கள் வண்டி ஏறினார்கள். மேலதிகாரி முன்னால், பழனிவேல் பின்னால். பெண்களைச் சோதிப்பதற்கென்று இலாகாவில் வைத்திருந்த ஆரோக்கியம்மாளும் கூட வந்தாள். ஜன்னலோரத்தில் வாயும் வயிறுமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பழனிவேல் முகத்தைப் பார்த்தான். அக்கா.

அக்கா முழுகாமல் இருக்கிறாளா, எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றுதான் முதலில் நினைத்தான். அவளை நேரில் பார்த்து அவ்வளவு நாளாகியிருந்தது. அடுத்த கணம் ஞானாம்பாளும் அவனைப் பார்த்தாள். பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆரோக்கியம்மாள் வயிற்றில் கை வைத்தாள். "எழுந்திரும்மா" என்றாள். புடவைக்குள்ளிருந்து நீலத் துணியில் கட்டிய அரிசி மூட்டை வெளியே வந்தது.

பழனிவேல் நின்ற நிலை மேலதிகாரிக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா, தெரிஞ்ச பொம்பளையா?"

"தெரியாது சார்" என்றான் பழனிவேல்.

அந்த இடத்தில்தான் போன வாரம் அவனை விட்டுவிட்டு வந்தோம். நல்ல இடத்தில் விட்டோம் என்று சொல்லமாட்டேன்.

இன்று அந்த அக்காவின் மகள் அஞ்சலைக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் வந்து சீர் வைக்காமல் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். மாமன் போயே ஆகவேண்டும்.

"என்னங்க, இந்தப் பையில இருக்கிறது அரிசியா?"

கேட்டவள் அவன் மனைவி ராஜாமணி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கோர்ட் குமாஸ்தா சுப்பராயலுவின் மகள். தாம்பாளங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவள், மூலையில் இருந்த புது மஞ்சள் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆமாம். சீருக்கு."

"எங்க வாங்கினீங்க? நமக்கே ரேஷன்ல இழுபறியா இருக்குது."

"கடையிலதான். பர்மிட்டும் போட்டாச்சு."

பொய் இல்லை. முழு நிஜமும் இல்லை. பிடிபட்ட அரிசியை மறுநாள் ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் எல்லா மூட்டைகளையும் அவிழ்த்து ஒரே சாக்கில் கொட்டுவது ஆபீஸ் வழக்கம். பியூன் ஆண்டி மற்ற மூட்டைகளைக் கொட்டிக்கொண்டிருந்தபோது பழனிவேல் நீலத் துணி மூட்டையை மட்டும் ஒதுக்கி வைத்தான். கடை விலையைக் கட்டினான். மூட்டையை அப்படியே புதுப் பைக்குள் கவிழ்த்துவிட்டு, நீலத் துணியைச் சுருட்டி எறிந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கையை விட்டுப் பார்க்கவில்லை. அரிசியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

அக்காவின் அரிசி அக்காவுக்கே போய்ச் சேர்ந்துவிடும். மாமன் சீர் என்று வைத்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவள்தான் முகத்தை மூடிக்கொண்டாளே, நான் அடையாளம் கண்டுகொண்டது அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். படித்த மூளை இப்படியெல்லாம் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைத் தானே சரிபார்த்து, சரி என்று தலையாட்டியும் வைத்தது.

ராஜாமணி பையைக் கீழே வைத்தாள். உடனே அங்கிருந்து போகவில்லை.

"செவ்வாக்கிழமை அண்ணி பத்திரிகை வைக்க வந்தாங்க இல்ல, அதையே நெனச்சிக்கிட்டிருக்கேங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"நீங்க உள்ள இருந்தீங்க. கேம்ப் போயிருக்காருன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். வெத்தல பாக்கை என் கையில குடுத்துட்டு, கொஞ்ச நேரம் நின்னாங்க. தம்பிகிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன், பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போனாங்க. விசேஷத்துக்கு அரிசி பர்மிட் கேக்கத்தான் வந்திருப்பாங்க. கேட்டிருந்தா குடுத்திருப்பீங்க இல்ல?"

பழனிவேல் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இருந்தான். வேலை கிடைத்த நாளிலிருந்து ஊரில் தெரிந்தவன், தெரியாதவன், பங்காளி, அங்காளி எல்லோரும் பர்மிட் என்று வாசலுக்கு வந்து நின்றார்கள். யார் வந்தாலும் கேம்ப் என்று சொல்லிவிடு என்று அவன்தான் மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தான். அக்காவின் குரல் வாசலில் கேட்டபோது, இன்று ஒருநாள் விதியை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் வருவார்கள் என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டான்.

தனக்கென்று வேண்டியபோது அந்தப் பர்மிட்டுக்கு ஒரு கையெழுத்துக்குமேல் வேலை இருக்கவில்லை. அது இப்போது அவன் சட்டைப் பையில் இருந்தது.

"நேரமாச்சு, கெளம்பு" என்றான்.

சிதம்பரம் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றபோது, பெண்கள் கூட்டத்தில் ஆரோக்கியம்மாள் நின்றிருந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. பழனிவேல் வேறு பெட்டிக்குப் போய்விடலாமா என்று பார்த்தான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"வாங்க சார். வீட்டம்மாவா? எங்க, விசேஷமா?"

"அவுங்க அக்கா பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி. முதுநகருக்குப் போறோம்" என்றாள் ராஜாமணி.

"அப்ப சாருதான் மாமன். நல்லதும்மா." ஆரோக்கியம்மாளின் கண் அரிசிப் பையில் நின்றது. வேலைக்காரப் பழக்கம், அவ்வளவுதான். பழனிவேலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"பர்மிட் இருக்கு" என்றான்.

"உங்களை யாரு சார் கேக்கப் போறாங்க?" என்று அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி, கிள்ளை ஸ்டேஷன் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், பிறகு ராஜாமணியிடம் பேச ஆரம்பித்தாள்.

"நான் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறேம்மா, செஞ்ச பாவத்தைச் சொல்லிட்டு வர. கடலூர்ல சாமியாருங்க நிதானமா கேப்பாங்க. வெள்ளிக்கெழமையிலேருந்து மனசு சரியில்ல. சார்கூட இருந்தாரு, அவரே பாத்தாரு. ஒரு அம்மா புள்ளத்தாச்சியாட்டம் வயித்துல அரிசி கட்டிகினு வந்துச்சி. கைய வச்சதுமே அரிசின்னு தெரிஞ்சிபோச்சி. நான் பேசாம நகந்திருக்கலாம். பெரிய ஆபீசர் நிக்கறாரே, நம்ம வேலை போயிடுமேன்னு அவுத்துட்டேன். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்."

"ஐயோ பாவம்" என்றாள் ராஜாமணி.

"வேலைதான, அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல" என்றான் பழனிவேல். அவளுக்குச் சொன்னானா, தனக்குச் சொல்லிக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது.

"தப்பு இல்லன்னு சாமியாரும் சொல்லுவாரு. சொன்னாலும் போய் சொல்லிட்டு வந்துடணும் சார்."

பழனிவேலுக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்குப் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. கேட்டுவிட்டு, சரி போ என்று அனுப்ப ஓர் ஆள் இருக்கிறார்.

"அந்த அம்மா யாருங்க? எந்த ஊரு?" என்று ராஜாமணி கேட்டாள்.

"யாரோ" என்றான்.

முதுநகரில் அய்யனார் வீடு துறைமுகத்துக்குப் போகும் சந்தில் இருந்தது. கருவாட்டு வாசனையும் உப்பங்காற்றும் எப்போதும் உண்டு. சந்தை அடைத்து ஒரு சின்னப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலின் ஓரத்தில் பச்சை ஓலை பின்னிய குடிசை, பெண் உட்கார்ந்திருக்கும் குடிசை. அந்த ஓலையைத் தாய்மாமன் வெட்டிக் கொடுக்கவேண்டும். மாமன் கேம்பில் இருந்ததால் துறைமுகத்து ஆள் ஒருவன் வெட்டிக் கொடுத்திருந்தான்.

பழனிவேலைப் பார்த்ததும் அய்யனார் ஓடிவந்தார். அகன்ற தோள், மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்தில் காய்ப்பு. இன்றைக்கு அதன்மேல் ஒரு புதுத் துண்டு.

"வாங்க மச்சான். எங்க வராம போயிடுவீங்களோன்னு பயந்துகினு இருந்தேன். ஆபீசு வேலை ஜாஸ்தின்னு ஞானா சொல்லிச்சி. வாம்மா தங்கச்சி, உள்ள வா."

பந்தலுக்குப் பின்னால் கல் அடுப்பில் பெரிய அண்டா ஏறியிருந்தது. ராஜாமணி எட்டிப் பார்த்தாள். கோதுமை ரவை உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அதை ஏம்மா பாக்கற" என்றார் அய்யனார். "நல்ல நாளும் அதுவுமா வர்றவங்களுக்குக் கோதுமையைப் போடறேன். அரிசிக்குன்னு ஞானா ஊருக்குப் போச்சி. மாமனாரு கால் வீங்கிப் படுத்திருந்தாலும் பொண்ணு கேட்டதும் பத்தாயத்தைத் தொடச்சிக் குடுத்தாரு. வர்ற வழியில ரயில்ல எவனோ ஒரு ஆபீசரு புடுங்கிகினான். புடுங்கறதுன்னா சும்மா இல்ல மச்சான். பொம்பள வயித்துல கைய வச்சி, பத்து பேரு பாக்க அவுத்திருக்கானுவ." ராஜாமணி அண்டாவை விட்டுவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"விடுங்க. நல்ல நாள்ல அந்தப் பேச்சு எதுக்கு?"

ஞானாம்பாள் ஒரு செம்பு தண்ணீரோடு வந்து நின்றாள். பழனிவேலின் பார்வை முதலில் அவள் வயிற்றுக்குப் போனது. ஒட்டிய வயிறு. அதைப் பார்த்ததற்காகவே அவனுக்குக் கூசியது.

"கேம்புலேருந்து எப்ப வந்த தம்பி? எளச்சிட்டியே" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. எப்போதும்போலச் சிரித்தாள்.

அக்காவுக்குத் தெரியவில்லை என்று பழனிவேல் நினைத்தான். செம்பை வாங்கி முழுத் தண்ணீரையும் குடித்தான்.

சீர் வைக்கும் நேரம் வந்தது. புடவைத் தட்டு, பூத் தட்டு, பழத் தட்டு, வளையல் தட்டு எல்லாம் வரிசையாக வைத்தார்கள். குடிசை ஓலையை விலக்கிக்கொண்டு அஞ்சலை எட்டிப் பார்த்தாள். மாமனைப் பார்த்ததும் வெட்கப்பட்டு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மாமன் கையால அரிசியைக் கொட்டச் சொல்லுங்க" என்று ஒரு கிழவி சொன்னாள்.

அரிசி என்றதும் பந்தலில் ஒரு சலசலப்பு. அய்யனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அரிசியா கொண்டாந்தீங்க மச்சான்?"

பழனிவேல் பெரிய தாம்பாளத்துக்கு எதிரில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தான். அரிசி சரசரவென்று விழுந்து குவிந்தது. கடைசியில், பையின் அடியிலிருந்து வேறு ஏதோ ஒன்று உருண்டு வந்து குவியலின் உச்சியில் நின்றது.

இரண்டு கிளையாகப் பிரிந்த ஒரு பச்சை மஞ்சள் கிழங்கு. அதன் இடுப்பில் நீல நூல் சுற்றியிருந்தது.

பழனிவேலுக்கு அது என்னவென்று சட்டென்று புரியவில்லை. அவனுக்குப் புரிய வழியும் இல்லை. கீரப்பாளையத்துப் பக்கம் அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்காகத் தாய்வீட்டிலிருந்து அரிசி எடுத்துப் போகும் பெண், கடைசிப் பிடி அரிசிக்குள் ஒரு மஞ்சள் கிழங்கைப் புதைத்துத்தான் மூட்டை கட்டவேண்டும். கிழங்கைக் கொல்லையிலிருந்து அவளே தோண்டி எடுக்கவேண்டும், கட்டும் துணியிலிருந்து ஒரு நூலை உருவிச் சுற்றவேண்டும். பெண்கள் கட்டும் மூட்டை அது. ஹாஸ்டலுக்கும் ஆபீசுக்குமாக வளர்ந்த ஆண்பிள்ளை அதை எங்கே பார்த்தான்?

"அட, மஞ்சளோட கொண்டாந்திருக்காரு" என்றாள் கிழவி. "வழக்கம் தெரிஞ்ச புள்ளடி ஒந்தம்பி."

"ஊருக்குப் போயி, தாய்வீட்டு அரிசியா பாத்து எடுத்தாந்துட்டாரு" என்றார் அய்யனார். "புடுங்கிகினு போனா என்னா, மச்சான் இருக்காரு. அந்த உப்புமாவை எறக்குங்கப்பா. சோத்துக்கு ஒலையை வைங்க."

பழனிவேல் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான்.

ஞானாம்பாள் குனிந்து அந்தக் கிழங்கை எடுத்தாள். கைக்குள் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். நூலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள்.

"எந்தம்பி மறக்கல" என்றாள். கிழங்கை எடுத்துக்கொண்டு போய் அம்மியில் வைத்து அரைத்தாள். அரைத்து முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. அந்த மஞ்சளைத்தான் அஞ்சலையின் முகத்திலும் கையிலும் பூசித் தண்ணீர் ஊற்றினார்கள்.

அன்றைக்குப் பந்தியில் அரிசிச் சோறு. துறைமுகத்து ஆட்கள் பலருக்கு வெள்ளைச் சோற்றை இலையில் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. முதல் இலை மாமனுக்கு. அவனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மகராசன், மகராசன் என்று வாழ்த்திக்கொண்டே சாப்பிட்டார்கள். ஞானாம்பாள்தான் அவனுக்குப் பரிமாறினாள். போதும் என்று அவன் கையை நீட்டியும் இன்னொரு கரண்டி போட்டாள். பழனிவேல் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். இலையில் மிச்சம் வைக்கும் துணிச்சல்கூட அவனுக்கு இல்லை.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனான். தண்ணீர்த் தொட்டிக்கருகே ஞானாம்பாள் தனியாக நின்றிருந்தாள். விரலெல்லாம் மஞ்சள். செம்பில் தண்ணீர் மொண்டு அவன் கையில் ஊற்றினாள்.

"தம்பி, ரயில்ல நீ என்னைப் பாக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

பழனிவேலின் கை அப்படியே நின்றது. அவள் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உன்னைப் பாத்ததும் எனக்கு பக்குன்னுச்சி. தம்பிக்குத் தலகுனிவு ஆயிடக்கூடாதுன்னு மொகத்தை மூடிகினேன். அந்தப் பெரியவரு கேட்டதுக்குத் தெரியாதுன்னு சொன்ன பாரு, அப்பதான் உசுரு வந்துச்சி. நல்ல வேளை, தம்பிக்கு அடையாளம் தெரியல. தெரிஞ்சிருந்தா இப்பிடி விட்டுடுவானா, எங்கக்கான்னு முன்னால வந்து நிக்கமாட்டானான்னு நெனச்சிகினேன். அந்த நெனப்புல ரெண்டு நாளா நல்லாத்தான் இருந்தேன்."

"அக்கா..."

"செவ்வாக்கெழம வந்தப்பகூட உன் சைக்கிள் வாசல்ல நின்னுச்சி. கேம்புக்கு பஸ்ஸுல போயிருப்பான்னு நெனச்சிகினேன்." செம்பைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். "அரிசி போனா போவுது, கோதுமையைப் போட்டு அனுப்பியிருப்பேன். இந்த மஞ்சளை ஏன்டா கொண்டாந்த?"

"பெரிய ஆபீசரு நின்னாரு அக்கா. வேலை இன்னும் பர்மனென்ட் ஆவல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று பழனிவேல் ஆரம்பித்தான். சொல்லச் சொல்லவே அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று அவனுக்கே தெரிந்தது.

"தெரியும்டா. வேலையைக் காப்பாத்திக்க. அதுக்குத்தான இத்தனையும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான். அவள் அந்த வாத்தியார் சம்பந்தத்தை நினைத்துச் சொன்னாளா, இல்லை சும்மாதான் சொன்னாளா என்பதுகூடத் தெரியவில்லை. அவள் முகத்தில் அழுகையும் இல்லை. முந்தானையால் அவன் கையைத் துடைத்துவிட்டாள். சின்ன வயசில் அவன் மண்ணில் விளையாடிவிட்டு வரும்போது துடைத்துவிடுவாளே, அதேபோல.

"மாமாவுக்குத் தெரியவேணாம்" என்றாள். "அது தாங்காது."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். பழனிவேல் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அவள் துடைத்துவிட்ட இடத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. தேய்த்தால் போய்விடும். தேய்க்கவில்லை.

சாயங்காலம் ராஜாமணி தன் அப்பா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று திருப்பாதிரிப்புலியூருக்கு ஜட்கா வண்டி ஏறினாள். பழனிவேல் தனியாகத்தான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். அய்யனார் விடவில்லை. காலித் தாம்பாளங்களைத் தானே துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

"இன்னிக்கு நீங்க செஞ்சதை உசுரு இருக்கிறவரைக்கும் மறக்கமாட்டேன் மச்சான். சபையில என் தலையைக் காப்பாத்திட்டீங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்குது."

ஜங்ஷன் பிளாட்பாரத்தில் காலிப் பைகளை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் சிதம்பரம் வண்டிக்குக் காத்திருந்தார்கள். நாளைக்கு இவர்களில் யார் வயிற்றோடு திரும்பி வருவார்களோ. அய்யனார் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், ஒரு ஒதவி. நீங்க அந்த ஆபீசு ஆளு. வெள்ளிக்கெழம அந்த வண்டியில வந்த ஆபீசரு யாருன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

"எதுக்கு மாமா?"

"அடிக்க இல்ல. பயப்படாதீங்க. பெரியவருகூட ஒரு சின்ன ஆபீசரு இருந்தானாம். நம்ம பக்கத்து வூட்டு ரஹ்மத் பீவி எதிர்சீட்டுலதான் ஒக்காந்திருந்துச்சி, அதுதான் சொல்லிச்சி. அந்தப் பையன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சாம். மனசு இருக்கிறவன்போல. அவனை ஒரு வார்த்தை கேக்கணும். எம்பொண்டாட்டி வயித்துல கைய வச்சி அவுக்கறப்ப பாத்துகினு நின்னியே, உனக்கு ஒரு அக்கா தங்கச்சி இருந்தா இப்பிடித்தான் நிப்பியான்னு."

வண்டி தூரத்தில் ஊதியது.

"ஞானாகிட்ட கேட்டா, நான் யாரையும் பாக்கல, மொகத்தை மூடிகினு இருந்தேங்குது. ரஹ்மத் பீவி பொண்ணு வூட்டுக்குப் பரங்கிப்பேட்டை போயிருக்குது. நாளைக்கு வந்துடும். அதுக்கு அவன் மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்குதாம், எங்க பாத்தாலும் காட்டறேன்னு சொல்லியிருக்குது. அடுத்த வாரம் அதையும் இட்டுகினு சிதம்பரத்துக்கு வரேன். உங்க ஆபீசு வாசல்ல நின்னா அவன் வராமலா போயிடுவான்? அதுக்குள்ள நீங்க பேரை மட்டும் கேட்டு வைங்க."

வண்டி வந்து நின்றது. அய்யனார் தாம்பாளக் கட்டை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். பழனிவேல் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளங்கையில் மஞ்சள் காய்ந்து போயிருந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

"கேட்டுச் சொல்றேன் மாமா" என்றான் பழனிவேல்.